கழித்துத் தள்ளிய தண்ணீர்

வெள்ளத்தைப் படிக்கத்தான் நான் முதலில் நீரியலுக்கு வந்தேன். முதுநிலைப் படிப்பில் எனக்குக் கிடைத்த வேலை, மழை பெய்து எத்தனை மணி நேரத்தில் ஆறு உச்சத்தைத் தொடும் என்று கணக்கிடுவது. ஆற்றில் ஓடும் நீரின் அளவை மணிவாரியாக வரைந்துகொண்டு, அந்த வளைகோட்டின் அடியில் ஒரு கோடு இழுப்போம். கோட்டுக்கு மேலே இருப்பது அந்த மழையின் வெள்ளம். கீழே இருப்பது மழைக்கு முன்பும் ஓடியது, பின்பும் ஓடப்போவது. அடிநிலை ஓட்டம் என்று அதற்குப் பெயர். வெள்ளக் கணக்குக்கு அது வேண்டாதது என்பதால் கழித்துவிடுவோம். இரண்டு ஆண்டுகளில் எத்தனையோ மழைகளுக்கு அப்படிக் கழித்திருக்கிறேன்.

ஆய்வேட்டை முடிக்கும் வாரத்தில், ஆண்டு மொத்தம் சரியாக வருகிறதா என்று பார்ப்பதற்காகக் கழித்த பகுதிகளை மட்டும் தனியே கூட்டினேன். அந்த ஆற்றில் ஓர் ஆண்டில் ஓடிய நீரில் ஏறக்குறைய பாதி அங்கே இருந்தது. பிழை என்று நினைத்து மறுபடி கூட்டினேன். அதே எண்தான் வந்தது. மழை நின்று நான்கு மாதம் ஆன பிறகும், வானத்தில் மேகமே இல்லாத நாட்களிலும், ஆறு மெலிந்து ஓடிக்கொண்டே இருந்திருக்கிறது. அந்தத் தண்ணீர் எங்கிருந்து வந்தது?

பேராசிரியரிடம் கேட்டேன். "நிலத்தடியிலிருந்து வருகிறது. அது தனித் துறை அம்மா, இப்போது அதற்குள் போனால் உன் ஆய்வேடு முடியாது" என்றார். அவர் சொன்னது சரிதான். முடித்துக் கொடுத்தேன். ஆனால் அந்தக் கூட்டுத்தொகை மனத்தை விட்டு இறங்கவில்லை. முனைவர் பட்ட நேர்காணலுக்கு நான் எடுத்துப்போனது ஒரே ஒரு வரைபடம். கோட்டுக்குக் கீழே இருந்த பகுதியை நீல நிறத்தில் நிரப்பியிருந்தேன். இந்த நீர் எங்கே இருந்தது, எந்த வழியாக ஆற்றுக்கு வந்தது, வர எத்தனை காலம் எடுத்துக்கொண்டது என்று மூன்று கேள்விகளை அதன் அடியில் எழுதியிருந்தேன். ஐந்தாண்டு ஆய்வு முழுவதும் அந்த மூன்றுக்குள் அடங்கிவிட்டது. இந்தத் துறைக்கு வர நினைப்பவர்கள் என்ன தலைப்பு எடுக்கலாம் என்று என்னிடம் கேட்கும்போது, இதுவரை படித்ததில் எது உறுத்துகிறது என்றுதான் திருப்பிக் கேட்கிறேன். தலைப்பை நெறியாளர் கொடுத்துவிடுவார். நான்காவது ஆண்டில், ஒன்றுமே பிடிபடாமல் உட்கார்ந்திருக்கும் இரவில், அந்த உறுத்தல் இருந்தால்தான் மறுநாள் எழுந்து வேலைக்குப் போக முடியும்.

முதல் ஆறு மாதம் படிப்புதான். பனியாக உறைந்திருப்பதைத் தவிர்த்தால் உலகின் நன்னீரில் ஏறத்தாழ 99 விழுக்காடு நிலத்துக்குள் இருக்கிறது என்பதை அப்போதுதான் அறிந்தேன். இத்தனை ஆண்டுகள் நீரியல் படித்தும் மீதி ஒரு விழுக்காட்டிலேயே நின்றிருக்கிறேன். பிரான்சின் திஜோன் நகருக்குச் சுமார் 12 கிலோமீட்டர் தொலைவிலுள்ள ஊற்றிலிருந்து குடிநீர் கொண்டுவந்த பொறியாளர் ஹென்றி டார்சி, பிற்காலத்தில் ஓர் இரும்புக் குழாயில் மணலை நிரப்பி, அதன் வழியே நீரைச் செலுத்தி அளந்தார். மேலும் கீழும் உள்ள நீர்மட்டங்களின் வேறுபாடு இரு மடங்கானால் ஓட்டமும் இரு மடங்காகிறது. மணலின் நீளம் இரு மடங்கானால் ஓட்டம் பாதியாகிறது. 1856இல் நகர நீர் வழங்கல் பற்றி அவர் வெளியிட்ட பெரிய நூலின் பின்னிணைப்பில் இந்தச் சோதனை இருக்கிறது. நிலத்தடி நீர் பற்றி இன்று நாம் போடும் கணக்குகளில் பெரும்பாலானவை அந்தப் பின்னிணைப்பின் மேல் நிற்கின்றன.

அதை நானும் செய்து பார்த்தேன். கண்ணாடிபோன்ற பிளாஸ்டிக் குழாய், சலித்த மணல், இரண்டு மெல்லிய குழாய்கள், ஒரு வாளி. முதல் நாள் கணக்கு ஒட்டவே இல்லை. ஒரே மணல், ஒரே உயரம், ஒவ்வொரு முறையும் வேறு ஓட்டம். குழாயை ஒட்டிக் கண்ணை வைத்துப் பார்த்தபோது மணலுக்குள் குண்டூசித் தலை அளவில் காற்றுக் குமிழ்கள் சிக்கியிருந்தன. ஒவ்வொரு குமிழும் ஒரு வழியை அடைத்துக்கொண்டிருந்தது. ஆய்வகத்தில் இருந்த உதவியாளர் பார்த்துவிட்டு, "மேலேயிருந்து ஊற்றினால் காற்று எங்கே போகும்? கீழேயிருந்து நிரப்புங்கள்" என்றார். கீழ் வாயிலிருந்து மெதுவாக நீரை ஏற்றினேன், காற்று மேலே போய்விட்டது, புள்ளிகள் நேர்கோட்டில் அமர்ந்தன. சூத்திரத்தைப் புத்தகத்தில் படித்தபோது வராத நம்பிக்கை அன்றைக்கு வந்தது. களத்துக்குப் போவதற்கு முன் எல்லோரும் ஒருமுறை இதைச் செய்துவிட வேண்டும் என்பேன்.

இன்னொருவர் அமெரிக்கப் புவியியல் ஆய்வுத் துறையில் இருந்த சார்லஸ் தீஸ். வெப்பம் ஒரு பொருளுக்குள் பரவும் விதத்தைப் போலவே கிணற்றைச் சுற்றி நீர்மட்டம் இறங்குவதும் பரவுகிறது என்று கண்டு, கணிதம் அறிந்த நண்பர் ஒருவரின் துணையோடு 1935இல் அதற்கான சமன்பாட்டைத் தந்தார். அதைவிட 1940இல் அவர் எழுதிய கட்டுரைதான் என்னை ஆட்கொண்டது. கிணறு வெட்டுவதற்கு முன்பே நிலத்தடி நீருக்கு வரவும் செலவும் உண்டு. மழையிலிருந்து வருகிறது, ஆற்றிலோ ஊற்றிலோ கடலிலோ மரங்களின் வேரிலோ செலவாகிறது. நாம் இறைப்பது புதுச் செலவு. அதை ஈடுகட்ட வரவு கூட வேண்டும், அல்லது பழைய செலவு குறைய வேண்டும், அல்லது இருப்பு கரைய வேண்டும். நான்காவது வழி இல்லை. நான் நீல நிறம் தீட்டிய பகுதி என்னவென்று அந்தக் கட்டுரையைப் படித்த பிறகே எனக்கு முழுதாக விளங்கியது. அது பழைய செலவு. யாராவது எங்காவது இறைக்கத் தொடங்கினால் முதலில் குறையப்போவது அதுதான்.

களத்துக்கு அதே ஆற்றின் படுகையைத் தேர்ந்தெடுத்தேன். கடினப் பாறை நிலம். மேலே சில மீட்டர் மண்ணும் சிதைந்த பாறையும். அதற்குக் கீழே கெட்டிப் பாறை, அதில் அங்கங்கே விரிசல். விரிசலில் நீர் இருக்கும், பாறையில் இருக்காது. பத்தடி தள்ளி வெட்டிய இரண்டு கிணறுகளில் ஒன்று வற்றாமலும் மற்றது வறண்டும் இருப்பது அதனால்தான்.

முதல் மாதம் எதையும் அளக்கக் கூடாது என்று நெறியாளர் சொல்லியிருந்தார். நடந்து பார், கிணற்றுக்காரர்களோடு பேசு, அவர்கள் சொல்வதை அப்படியே எழுது, விளக்கம் எழுதாதே. அன்றைக்கு அது வீண் நாட்களாகத் தோன்றியது. முதலில் போன கிணறு ஒரு முதியவருடையது. எட்டிப் பார்த்தபோது அவர் கேட்ட முதல் கேள்வி, "எதற்கம்மா அளக்கப் போகிறாய்? வரி போடுவதற்கா?" என்பதுதான். ஆற்றில் ஓடும் நீர் எங்கிருந்து வருகிறது என்று பார்க்கிறேன் ஐயா என்றேன். கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். பிறகு படிகளில் முன்னே இறங்கி, சுவரைத் தொட்டுத் தொட்டுக் காட்டினார். இதுவரை செம்மண், இது கையால் பெயர்த்தாலே வரும் கல், இங்கிருந்து வெடி வைத்து எடுத்தது. ஊற்றுக்கண் எங்கே, எந்த மாதத்தில் எந்தப் படி முழுகும், எந்த ஆண்டு அடி தெரிந்தது என்று எல்லாம் சொன்னார். எழுதிக்கொண்டேன். நாற்பது ஆண்டுகள் ஒரே கிணற்றைப் பார்த்துக்கொண்டிருப்பவரிடம் இருப்பதை வேறு எந்தக் கருவியும் தராது.

இப்படி 42 கிணறுகள் சேர்ந்தன. அளப்பதற்கு என்னிடம் இருந்தது எஃகு நாடாவும் சாக்பீஸும்தான். நாடாவின் கீழ் நுனியிலிருந்து ஒரு மீட்டர் நீளத்துக்குச் சாக்பீஸைத் தேய்க்க வேண்டும். கிணற்று விளிம்பில் குறித்த இடத்தில், முழு மீட்டர் எண் வரும்படி நாடாவைப் பிடித்து இறக்க வேண்டும். மேலே இழுத்தால் நனைந்த இடம் வரை சாக்பீஸ் கறுத்திருக்கும். பிடித்த எண்ணிலிருந்து நனைந்த எண்ணைக் கழித்தால் நீர்மட்டத்தின் ஆழம். பழைய முறை, ஆனால் அரை சென்டிமீட்டருக்குள் சரியாகச் சொல்லும். நீரைத் தொட்டதும் ஒலி எழுப்பும் மின்னாடா பின்னால் கிடைத்தது. அதன் மின்கலம் தீர்ந்த நாட்களில் சாக்பீஸ்தான் கைகொடுத்தது.

விளிம்பில் குறித்த இடம் என்று சொன்னேன் அல்லவா, அதில் பலர் ஏமாறுகிறார்கள். சுவரின் உயரம் ஒரு பக்கம் ஒரு மாதிரி, மறுபக்கம் வேறு மாதிரி இருக்கும். பெயிண்டால் ஓர் அம்புக்குறி போட்டு, தரையிலிருந்து அதன் உயரத்தை அளந்து, படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். சுவரை இடித்துக் கட்டினால் மறுபடி அளந்துகொள்ளுங்கள். அடுத்தது அந்த இடத்தின் கடல்மட்ட உயரம். நீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்பதைத் தீர்மானிப்பது தரையிலிருந்து ஆழம் அல்ல. ஒரு பொது மட்டத்திலிருந்து அளந்த நீரின் உயரம். கைப்பேசி காட்டும் உயரம் சில சமயம் பத்து மீட்டர் வரை தவறும், என் படுகையில் பக்கத்துப் பக்கத்துக் கிணறுகளின் நீர்மட்ட வேறுபாடே மூன்று மீட்டர்தான். நில அளவைக் கருவியை வாங்கிக்கொண்டு ஐந்து வாரம் மட்டம் பார்த்தோம். அந்த ஐந்து வாரத்துக்கு ஆய்வேட்டில் கிடைத்த இடம் ஒரு வரி. அந்த ஒரு வரி இல்லாவிட்டால் மீதி எதுவும் இல்லை.

இனி என் பெரிய தவறுக்கு வருகிறேன். இதை விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதே தவறை அதன் பிறகு பிறரின் தரவுகளிலும் நான்கைந்து முறை கண்டிருக்கிறேன்.

ஒன்பது மாதம் அளந்த பிறகு நீர்மட்ட வரைபடம் போட்டேன். ஆற்றின் நடுப்பகுதிக்கு அருகில், எட்டுக் கிணறுகளைச் சுற்றி, ஆழமான ஒரு கிண்ணம் விழுந்திருந்தது. மாதந்தோறும் அதே இடத்தில், அதே வடிவில். அங்கே பூமிக்குள் ஏதோ ஒரு பாறைச் சுவர் நீரைத் தடுக்கிறது என்று எண்ணினேன். பழைய நிலவியல் படங்களைத் தேடினேன், ஒத்துவருவதுபோல் ஒரு கோடும் கிடைத்தது. ஒரு கருத்தரங்குக்குச் சுருக்கம் எழுதி அனுப்பினேன், ஏற்றுக்கொண்டார்கள்.

அந்தச் சமயத்தில் ஒரு நாள் கடைசி பஸ்ஸைத் தவறவிட்டு, அந்த எட்டில் ஒரு கிணற்றுக்குச் சொந்தக்காரரான பாட்டியின் வீட்டில் தங்கினேன். நடுச்சாமத்தில் மோட்டார் ஓடும் சத்தம் கேட்டு விழித்தேன். ஒன்றல்ல, சுற்றிலும் பல மோட்டார்கள். பாட்டியும் விழித்துத்தான் இருந்தார். "தினமும் இப்படித்தானா பாட்டி?" என்றேன். "ஆமாம் அம்மா. விடிய விடிய ஓடும். நீ அளக்க வருவதற்குக் கொஞ்சம் முன்னால்தான் நிறுத்துவோம்."

மறுநாள் வேறு எங்கும் போகவில்லை. அந்தக் கிணற்றின் அருகிலேயே உட்கார்ந்து அரை மணிக்கு ஒருமுறை அளந்தேன். காலை எட்டு மணிக்கு 14.1 மீட்டர். நண்பகலில் 12.9. மாலை ஆறுக்கு 11.6, இன்னும் ஏறிக்கொண்டே இருந்தது. விரிசல் பாறையில் கிணறு ஊறுவதற்கு நேரம் எடுக்கும். நான் ஒன்பது மாதமாக அளந்தது ஓய்வில் இருந்த நீர்மட்டத்தை அல்ல, இறைத்துக் களைத்த கிணறு பாதி ஊறிய நிலையை. பாறைச் சுவர் எதுவும் இல்லை. என் வருகை நேரமும் அவர்களின் மோட்டார் நேரமும் சேர்ந்து வரைந்த கிண்ணம் அது.

சுருக்கத்தைத் திரும்பப் பெற்றேன். நெறியாளர் முன் குறிப்பேட்டை வைத்தபோது கை நடுங்கியது. அவர் அளவுகளைப் பார்க்கவில்லை, முதல் பத்தியைப் பார்த்தார். "ஒவ்வொன்றுக்கும் மணி எழுதியிருக்கிறாய். போதும், பாதியையாவது மீட்டுவிடலாம்" என்றார். கிணறு கிணறாகப் போய் இறைக்கும் நேரங்களைக் கேட்டு வாங்கி, நான் அளந்த மணியோடு ஒப்பிட்டு, கிணறு போதிய நேரம் ஓய்ந்திருந்தபோது எடுத்த அளவுகளை மட்டும் வைத்துக்கொண்டோம். மூன்றில் ஒரு பங்கு போயிற்று. மணி எழுதாமல் தேதி மட்டும் எழுதியிருந்தால் ஒன்பது மாதமும் போயிருக்கும்.

அன்றிலிருந்து என் அளவுத்தாளில் இரண்டு பத்திகள் கூடின: மோட்டார் கடைசியாக நின்ற நேரம், பக்கத்துக் கிணற்றில் இப்போது ஓடுகிறதா. ஒவ்வொரு கிணற்றிலும் பத்து நிமிட இடைவெளியில் இரண்டு முறை அளக்கிறேன். இரண்டும் ஒரு சென்டிமீட்டருக்கு மேல் வேறுபட்டால், இது ஓய்ந்த மட்டம் அல்ல என்று அங்கேயே எழுதிவிடுகிறேன். பென்சிலால். மை நனைந்தால் அழிந்துவிடும்.

பிறகு தானாகப் பதிவுசெய்யும் அழுத்தமானிகள் மூன்று கிடைத்தன. நீருக்குள் தொங்கவிட்டால் கால் மணிக்கு ஒருமுறை பதிவுசெய்யும். அவை நீரின் அழுத்தத்தோடு மேலே உள்ள காற்றின் அழுத்தத்தையும் சேர்த்தே அளக்கும் வகை. காற்றழுத்தம் ஒரு மில்லிபார் மாறினால் நீர்மட்டம் ஒரு சென்டிமீட்டர் மாறியதுபோல் காட்டும். ஆகவே ஒன்றையாவது நீருக்கு வெளியே, காற்றில் தொங்கவிட வேண்டும். மூன்றையும் நீருக்குள் இறக்கிவிட்டேன். நாளுக்கு இரண்டு முறை எல்லாக் கிணறும் ஒரே நேரத்தில் ஏறி இறங்குவதைக் கண்ட பிறகுதான் புரிந்தது. வானிலை நிலையத்தின் பதிவைக் கொண்டு திருத்திக்கொண்டேன்.

இறைப்புச் சோதனை பற்றிக் கொஞ்சம். ஒரு கிணற்றில் ஒரே வேகத்தில் மணிக்கணக்காக இறைத்து, அதிலும் அக்கம்பக்கத்திலும் நீர்மட்டம் இறங்குவதை அளப்பது. முதல் பத்து நிமிடம் அரை நிமிடத்துக்கு ஓர் அளவு, பிறகு மெல்ல மெல்ல இடைவெளியைக் கூட்டலாம். வெளியேறும் நீரைக் குழாய் வைத்துத் தொலைவில் கொண்டுபோய் விடுங்கள். பக்கத்திலேயே விட்டால் மறுபடி நிலத்துக்குள் இறங்கிக் கணக்கைக் கெடுக்கும். அகலமான திறந்த கிணறுகளில் முதலில் வெளியேறுவது கிணற்றுக்குள் தேங்கியிருந்த நீர். பாறை கொடுத்தது அல்ல. அதற்கென 1967இல் பபடோபுலோசும் கூப்பரும் தந்த முறை இருக்கிறது, அதைப் படிக்காமல் தீஸின் வளைவை அப்படியே பொருத்தாதீர்கள். மோட்டாரை நிறுத்தியதும் எல்லோரும் மூட்டை கட்டுவார்கள். நின்ற பிறகு நீர் ஏறுவதுதான் மிகச் சுத்தமான தரவு. மோட்டாரின் ஏற்றத்தாழ்வு எதுவும் அதில் இருக்காது. தூக்கம் கண்ணைச் சுழற்றினாலும் அந்த மூன்று நான்கு மணி நேரத்தை விடாதீர்கள்.

நீரின் வேதியியலுக்குப் போனபோது நான் எதிர்பாராத ஒரு பொறுப்பு வந்து சேர்ந்தது. மாதிரி எடுப்பதன் முறைகள் புத்தகத்தில் உண்டு: மின்கடத்துத்திறனும் வெப்பநிலையும் நிலைக்கும்வரை இறைத்துவிட்டு எடுப்பது, 0.45 மைக்ரான் வடிகட்டியில் வடிப்பது, உலோக அயனிகளுக்கான குப்பியில் நைட்ரிக் அமிலம் சேர்ப்பது, பைகார்பனேட்டைக் கிணற்றடியிலேயே அளந்துவிடுவது. முடிவுகள் வந்ததும் நேர்மின், எதிர்மின் அயனிகளின் கூட்டுத்தொகையை ஒப்பிட்டு, ஐந்து விழுக்காட்டுக்கு மேல் வேறுபட்டால் அந்த மாதிரியைச் சந்தேகிக்க வேண்டும். இவை பழகிவிடும்.

ஒரு வீட்டுக் கிணற்றில் நைட்ரேட் லிட்டருக்கு 90 மில்லிகிராம் வந்தது. உலக சுகாதார அமைப்பின் வரம்பு 50. அந்த வீட்டில் புட்டிப்பால் குடிக்கும் கைக்குழந்தை இருந்தது. அதிக நைட்ரேட் அந்த வயதுக் குழந்தைகளின் இரத்தம் ஆக்சிஜனை எடுத்துச் செல்லும் திறனைக் குறைத்துவிடும். கட்டுரை வெளியாகும்வரை முடிவுகளை வெளியே சொல்ல வேண்டாம் என்று சக ஆய்வாளர்கள் சிலர் சொன்னார்கள். நான் அதை ஏற்கவில்லை. அன்று மாலையே போய்ச் சொன்னேன். "காய்ச்சித்தான் கொடுக்கிறேன்" என்றார் குழந்தையின் தாய். காய்ச்சினால் கிருமி சாகும், நைட்ரேட் போகாது, நீர் ஆவியாவதால் இன்னும் அடர்த்தியாகும் என்று விளக்கி, வரம்புக்குள் இருந்த அடுத்த கிணற்றைக் காட்டினேன். வங்கதேசத்தில் குளத்து நீரால் வந்த நோய்களிலிருந்து காப்பதற்காக இலட்சக்கணக்கான குழாய்க் கிணறுகளைப் போட்டார்கள். அவற்றில் பலவற்றின் நீரில் ஆர்சனிக் இருந்தது பல ஆண்டுகள் கழித்தே தெரியவந்தது. நிறமில்லை, மணமில்லை, சுவையில் வேறுபாடில்லை. குடிப்பவருக்குத் தெரிய வழியே இல்லாத ஒன்று அளப்பவருக்குத் தெரிகிறது என்றால், சொல்லிவிட வேண்டும். என் மாணவர்களிடம் முதல் நாளே இதைச் சொல்லிவிடுகிறேன்: மாதிரி எடுத்த ஒவ்வொரு வீட்டுக்கும் முடிவைத் தாளில் எழுதி, அவர்கள் மொழியில், நேரில் கொடுக்க வேண்டும். அதற்கான நாட்களை ஆய்வுத் திட்டத்திலேயே ஒதுக்குங்கள்.

படுகையின் நிலத்தடி நீர் ஓட்டத்தைக் கணக்கிட்டுக் காட்டும் கணினி மாதிரியில் ஓர் ஆண்டு போயிற்று. அமெரிக்கப் புவியியல் ஆய்வுத் துறை 1984 முதல் வளர்த்துவரும் மோட்ஃப்ளோ என்ற நிரல் எல்லோருக்கும் இலவசம்; அதைத்தான் பயன்படுத்தினேன். 42 கிணறுகளின் நீர்மட்டமும் அழகாகப் பொருந்திவந்தது. மகிழ்ச்சியோடு காட்டினேன். நெறியாளர், "மழையிலிருந்து இறங்கும் நீரை இரு மடங்காக்கு, பாறையின் ஊடுருவுதிறனையும் இரு மடங்காக்கு, ஓட்டிப் பார்" என்றார். அதே நீர்மட்டங்கள் வந்தன. பத்தில் ஒரு பங்காக்கினேன், அப்போதும் அதே. நீர்மட்டத்தை மட்டும் வைத்துக்கொண்டு எவ்வளவு நீர் உள்ளே போகிறது என்று சொல்லவே முடியாது. விகிதம் மட்டும்தான் கிடைக்கும். எங்கேயாவது ஓடும் நீரை நேரடியாக அளந்த ஓர் எண் வேண்டும்.

அந்த எண் என்னிடம் ஏற்கெனவே இருந்தது. முதுநிலை ஆய்வின் பழைய கோப்புகளைத் திறந்தேன். கோட்டுக்குக் கீழே கழித்துத் தள்ளிய அத்தனையும் நாள்வாரியாக இருந்தது. நிலத்திலிருந்து ஆற்றுக்கு வந்த நீர். அதைக் கொடுத்ததும் மாதிரிக்கு அசைய இடமில்லாமல் போயிற்று. பல விடைகளில் சில மட்டும் மிஞ்சின.

ஆற்றோரக் கிணறுகள் இருந்த பகுதியில் மட்டும் இன்னும் ஒட்டவில்லை. ஆகவே கோடையில் ஆற்றையே அளக்கப் போனோம். ஓட்டம் கணுக்கால் அளவுதான். அந்த அளவுக்கு ஏற்ற முறை உப்பு: எடை போட்ட உப்பை ஒரு வாளி நீரில் கரைத்து ஆற்றில் ஊற்றிவிட்டு, கொஞ்சம் கீழே மின்கடத்துத்திறன் ஏறி இறங்குவதை ஐந்து நொடிக்கு ஒருமுறை எழுதினால், ஆறு எவ்வளவு நீரைக் கொண்டு போகிறது என்று கணக்கிட்டுவிடலாம். மேட்டுப் பகுதியில் நடக்கும்போதே கால் சொல்லியது. வெயிலில் சூடேறிய நீருக்குள் திடீரென்று குளிர்ச்சியான இடம். அங்கே மணல் மெல்லத் துள்ளிக்கொண்டிருந்தது. வெப்பமானியை வைத்தால் சுற்றிலும் இருப்பதைவிட ஐந்து பாகை குறைவு. நிலத்தடி நீர் ஆண்டு முழுவதும் ஏறக்குறைய ஒரே வெப்பநிலையில் இருக்கும். கோடையில் குளிர்ச்சியாகவும் குளிர்காலத்தில் வெதுவெதுப்பாகவும் தோன்றும். அப்படி ஏழு இடங்களைக் குறித்தோம். கீழே வரவர ஓட்டம் கூடிக்கொண்டே வந்தது.

எட்டுக் கிணறுகள் இருந்த வளைவைத் தாண்டியதும் குறைந்திருந்தது. மறுபடி உப்பு கரைத்தோம், மறுபடி குறைவுதான். குளிர்ந்த இடம் ஒன்றுகூட அங்கே இல்லை. நிலம் ஆற்றுக்குக் கொடுக்கும் என்றே நான் மாதிரியில் எழுதியிருந்தேன். இங்கே ஆறு நிலத்துக்குக் கொடுத்துக்கொண்டிருந்தது. இரவெல்லாம் ஓடும் மோட்டார்களின் செலவை ஈடுகட்ட, 1940இல் தீஸ் சொன்ன முதல் வழியும் இரண்டாவது வழியும் இந்த வளைவில் சேர்ந்தே திறந்திருந்தன.

ஆய்வேட்டில் அந்த அத்தியாயத்தை எழுதும்போது ஒரு கிணற்றின் ஆழத்தைச் சரிபார்க்க முதல் குறிப்பேட்டைப் புரட்டினேன். விளக்கம் எழுதாதே, சொன்னதை எழுது என்ற அந்த முதல் மாதத்தின் பக்கம். அந்த எட்டில் ஒன்றான முதியவர் கிணற்றின் குறிப்பில், என் கையெழுத்தில்: "முன்பு மேட்டுப் பக்கச் சுவரில் ஊறும். அது அடங்கிப் பல வருடம் ஆகிறது. இப்போது ஆற்றுப் பக்கச் சுவரில்தான் ஊற்றுக்கண்."

அந்த வாரமே போனேன். உப்புக் கணக்கையும் வரைபடத்தையும் காட்டி, ஐயா, ஆற்று நீர்தான் இப்போது உங்கள் கிணற்றுக்கு வருகிறது என்றேன். "அதைத்தான் முதல் நாளே சொன்னேனே அம்மா" என்றார். பிறகு, இப்படியே போனால் ஆறு என்ன ஆகும் என்று கேட்டார். என் கணக்கு சொன்னதை மறைக்காமல் சொன்னேன்: எல்லோரும் இதே அளவு இறைத்தால், மழை குறைந்த ஆண்டுகளின் கோடையில் இந்த வளைவுக்குக் கீழே ஆறு நின்றுவிடும். பாட்டியையும் மற்ற ஆறு பேரையும் ஒரு நாள் கூட்டிவைக்க முடியுமா என்று கேட்டேன். ஞாயிற்றுக்கிழமை வரச் சொல்கிறேன் என்றார்.

புறப்படுவதற்கு முன் நாடாவை இறக்கினேன். 9.64 மீட்டர். மோட்டார் நின்று பதினாறு மணி நேரம். பக்கத்தில் எதுவும் ஓடவில்லை. பத்து நிமிடம் கழித்து மறுபடி 9.64.